மாயையின் திரையும் மரண இசையும்: 1993 ஆம் ஆண்டின் ஓர் இசைத்தட்டும் அதன் பின்விளைவுகளும்

மேலைத்தேய வெகுசன இசை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. அவற்றுட் பலவும் பீற்றில்ஸ் குழுவினரோடு தொடங்கி அவர்களோடே முடிவெய்துகின்றன. அதற்கப்பால் எழுந்த கடும் ஓசை கொண்ட இசைவகைகள் பற்றிப் பேச்செழும்போது, அவை இசையே அல்ல, வெறும் இரைச்சல் என்ற தீர்ப்பு விசாரணைக்கு முன்னரே வழங்கப்பட்டு விடுகின்றது. 'டெத் மெற்றல்' என வழங்கும் வகைக்கு இத்தீர்ப்பு மேலும் கடுமையாகவே கிடைத்துள்ளது. அதன் பெயரில் மரணம் உள்ளது; பாடுவோர் குரல் மனிதக் குரலாக ஒலிப்பதில்லை; முரசுகளின் வேகமோ செவி பின்தொடர முடியாதது. எனினும் இவ்வகைக்குள்ளிருந்தே, கணித நுட்பமும் தத்துவ நாட்டமும் கூடிய ஒரு கிளை 1990 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தோன்றிற்று. அக்கிளையின் தலையாய ஆக்கங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் மியாமி நகரைச் சேர்ந்த 'சினிக்' என்னும் குழுவினர் 1993 செப்ரெம்பரில் வெளியிட்ட 'ஃபோக்கஸ்' என்னும் இசைத்தட்டாகும். அதன் முதற் பாடலின் தலைப்பு 'மாயையின் திரை' என்பது. மாயை பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வந்துள்ள ஒரு சமூகத்தின் கல்வியாளர்க்கு, இத்தலைப்பொன்றே இவ்விசைத்தட்டை எடுத்து நோக்கப் போதிய காரணமாகும்.

இரைச்சல் எனும் தீர்ப்புப் பற்றி முதலில் ஒரு சொல். எது இசை, எது இரைச்சல் என்பதைச் செவி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதிகாரமும் பழக்கமும் தீர்மானிக்கின்றன. இலங்கையில் 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் மேளம் கொட்டுதலை அனுமதிக்கு உட்பட்ட ஒரு செயலாக்கிற்று. ஆங்கில ஆட்சியாளர் செவிக்கு அது ஓர் ஒழுங்குப் பிரச்சினையாகவே பட்டது. அமெரிக்க மிஷன் தன் நிலையமொன்றையும் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையொன்றையும் அமைத்த உடுப்பிட்டியிலே, தேவாலய மணியோசையும் கோயில் மேளமும் ஒரே காற்றிற் கலந்தன. ஒன்று வழிபாடாகவும் மற்றது ஆரவாரமாகவும் மிஷனரிமாரின் செவிக்குத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. பிற்காலத்தில் அதே தவில், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் கைகளில் (1933–1975) தமிழ்நாடும் வியந்து நோக்கிய லயக் கலையாக உயர்ந்து நின்றது. ஆயினும் பெரிய மேளத்துக்குக் கிடைத்த மதிப்புச் சாவு வீட்டுப் பறைக்கு எம்மவரிடையே கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அதனைக் கொட்டியவர் யார் என்பதே அதன் தரத்தை அளக்கும் கோலாயிற்று. இவ்வுண்மையை மனங்கொண்டு நோக்குவோர், அமெரிக்க இளைஞரின் கடும் இசையை முன்கூட்டியே தள்ளிவிடுதற்குச் சற்றுத் தயங்குவர்.

டெத் மெற்றல் 1980 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்றது. கலிபோர்னியாவின் 'பொசெஸ்ட்' குழுவினர் 1985 இல் வெளியிட்ட இசைத்தட்டும், புளோரிடாவின் 'டெத்' குழுவினர் 1987 இல் வெளியிட்ட 'ஸ்கிறீம் பிளடி கோர்' என்பதும் இவ்வகையின் தொடக்க எல்லைக் கற்களாகக் கொள்ளப்படுகின்றன. தாழ்த்திச் சுருதி கூட்டப்பட்ட கிற்றார்கள், இரு கால்களாலும் இடைவிடாது இயக்கப்படும் பெருமுரசு, அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமற் குரல் என்பன இதன் புற அடையாளங்கள். பாடுபொருளோ பெரும்பாலும் பிணம், குருதி, அழிவு என்பனவாகவே அமைந்தது. திகிற் படங்களைப் பார்த்து வளர்ந்த பதின்ம வயதினரின் கற்பனை அது என்பதற்கு மேல் அதில் ஆழம் தேடுவது வீண். புளோரிடா மாநிலத்தின் ரம்பா நகரிலிருந்த 'மொறிசவுண்ட்' ஒலிப்பதிவுக்கூடமும், அங்கு பணியாற்றிய ஸ்கொற் பேண்ஸ் என்னும் ஒலிப்பதிவாளரும் இவ்வகைக்கு ஒரு பொது ஒலியைத் தந்தனர். சில ஆண்டுகளுள் உலகெங்கும் இருந்து குழுக்கள் அக்கூடத்தை நாடி வரலாயின. அவ்வாறு வந்தவற்றின் ஆக்கங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தமையும் அதன் விளைவே.

இந்த ஒருமையை உடைத்தவர்களும் அதே புளோரிடாவினரே. 'டெத்' குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் 1991 இல் வெளியிட்ட 'ஹியூமன்' என்ற இசைத்தட்டில் பிணங்களைப் பற்றிய பேச்சு இல்லை. மனித இயல்பு பற்றிய சிந்தனை அதன் இடத்தைப் பிடித்தது. இசையமைப்பும் சிக்கலாயிற்று. அவ்விசைத்தட்டில் முரசு வாசித்தவர் ஷோன் றைனேட். இரண்டாவது கிற்றார் போல் மஸ்விடால். இருவரும் அப்போது இருபது வயதினர். இருவரும் சினிக் குழுவினர். ஷுல்டினர் அழைத்ததன் பேரில் வந்து வாசித்துவிட்டுத் தம் குழுவுக்கே மீண்டவர்கள். அதே ஆண்டில் 'ஏதியிஸ்ற்' என்னும் மற்றொரு புளோரிடாக் குழு, ஜாஸ் இசையின் தாளப் போக்குகளை இவ்வகைக்குட் புகுத்தி ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதனைத் திட்டமிட்டவருள் ஒருவரான றோஜர் பற்றசன் என்ற பாஸ் கிற்றார்க் கலைஞர் 1991 பெப்ரவரியில் வீதி விபத்தொன்றில் இறந்தார். அவர் அமைத்த பகுதிகளை ஒலிப்பதிவில் வாசித்தவர், சினிக் குழுவிலிருந்த ரொனி சோய். நெதர்லாந்தின் 'பெஸ்ரிலன்ஸ்' குழுவின் 1991 ஆம் ஆண்டு இசைத்தட்டிலும் வாசித்தவர் அவரே. தமக்கென ஓர் இசைத்தட்டும் வெளியிடாத ஒரு குழுவின் உறுப்பினர், ஏனையோரின் மூன்று முக்கிய ஆக்கங்களில் பங்குகொண்டிருந்தனர் என்பது இவ்வகையின் வரலாற்றில் வேறெங்கும் எளிதிற் காண முடியாத நிலையாகும்.

சினிக் குழு 1987 இல் அமைக்கப்பட்டது. கிரேக்க ஞானி டயோஜெனிஸ் சார்ந்த சிந்தனை மரபின் பெயரையே அது தாங்கியிருந்தது. 1988 முதல் 1991 வரை மாதிரி ஒலிநாடாக்கள் பலவற்றை அது சுற்றுக்கு விட்டது. இக்காலத்தில் இவ்வகை இசை பரவியமை அஞ்சல் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது. ஓர் ஊர் இளைஞன் மற்றோர் ஊர் இளைஞனுக்கு ஒலிநாடாவை உறையிலிட்டு அனுப்புவான். அவன் அதைப் பிரதி செய்து மூன்றாமவனுக்கு அனுப்புவான். ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்துப் பேணிய மரபில் வந்தோர்க்கு இது புரியாத நடைமுறை அன்று.

'றோட்றன்னர்' நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைகூடி, ஒலிப்பதிவுக்கு ஆயத்தம் செய்த வேளையில் இயற்கை குறுக்கிட்டது. 1992 ஓகஸ்ற் 24 ஆம் நாள் 'அன்ட்றூ' சூறாவளி தென் புளோரிடாவைத் தாக்கியது. கிற்றார்க் கலைஞர் ஜேசன் கோபெலின் வீடும், குழுவினர் பயிற்சி செய்த இடமும் அதில் அழிந்தன. ஒலிப்பதிவு தள்ளிப்போயிற்று. இத்தாமதம் தீமையாக மட்டும் அமையவில்லை எனலாம். ஏற்கெனவே அமைத்திருந்த பாடல்களை மீண்டும் அலசி மாற்றுதற்கு அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. முந்திய மாதிரி நாடாக்களில் உள்ள வேகமும் மூர்க்கமும் இறுதி ஆக்கத்தில் வேறொன்றாக உருமாறியிருத்தலை இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்போர் உணர்வர்.

ஃபோக்கஸ் எட்டுப் பாடல்களை உடையது. மொத்தம் முப்பத்தாறு நிமிடம் அளவில் ஒலிப்பது. மஸ்விடாலும் கோபெலும் கிற்றார், றைனேட் முரசு, பாஸ் கிற்றாரை ஏற்றவர் ஷோன் மலோன் என்னும் புதிய வரவு. மலோன் வாசித்தது கட்டையில்லாத பாஸ் கிற்றார். வீணையின் மெட்டுக்களை அகற்றிவிட்டு வாசிப்பதாகக் கற்பனை செய்தால் அதன் இயல்பு ஓரளவு விளங்கும். சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லவும் நெளிக்கவும் அது இடந்தருவது. இரு கைகளாலும் நரம்புகளைத் தட்டி ஒலியெழுப்பும் 'ஸ்ரிக்' என்ற கருவியையும் அவர் கையாண்டார். இக்கருவிகள் எவையும் டெத் மெற்றலுக்கு உரியனவாக அதுவரை கருதப்படவில்லை.

குரல்கள் பற்றித் தனித்துக் கூறுதல் வேண்டும். இவ்விசைத்தட்டில் பாடல் இரு குரல்களிடையே நிகழ்கின்றது. ஒன்று வழமையான உறுமற் குரல். இதனை ரொனி ரீகார்டன் என்பவர் தந்தார். மற்றது மஸ்விடாலின் குரல். ஆனால் அது நேரே வருவதில்லை. 'வொக்கோடர்' என்னும் மின்கருவியினூடு செலுத்தப்பட்டு, உடலற்ற ஒன்றாக, உலோகத்திற் பட்டுத் திரும்பிய முணுமுணுப்பாக அது வருகின்றது. மூச்சும் எச்சிலும் தசையும் கலந்த ஒரு குரல் கீழே உறும, உடலை முற்றாகத் துறந்த ஒரு குரல் மேலே மிதக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாய், அன்றாடம் கேட்கும் மனிதக் குரலுக்கு இங்கு இடம் ஏறக்குறைய இல்லை எனலாம். இதனைக் கேட்டவுடன் பாசத்தையும் பதியையும் இரு குரல்களுக்கும் பொருத்திப் பார்க்கச் சிலர் முற்படக்கூடும். அது மிகை. எனினும் மனிதன் இரு நிலைகளுக்கிடையே கட்டுண்டவன் என்ற உணர்வைச் சொற்களைவிட இக்குரலமைப்பே வலிதாக எழுப்புகின்றது. உண்மையில் இவ்விசைத்தட்டின் சொற்கள் அதன் இசையளவுக்குத் தேறியவை அல்ல. இருபத்திரண்டு வயதினர் தாம் அண்மையிற் படித்த நூல்களின் சொற்களை வியப்போடு அடுக்கிய தன்மை அவற்றிலே தெரிகின்றது.

அந்த நூல்கள் எவை என்பது அறியப்பட்டதே. மஸ்விடால் பரமஹம்ச யோகானந்தரின் எழுத்துக்களில் ஈடுபாடு கொண்டவர். யோகானந்தர் (1893–1952) 1920 இல் அமெரிக்கா சென்று, அங்கேயே நிலைகொண்டு கற்பித்தவர். 1946 இல் வெளிவந்த அவரது தன்வரலாறு மேலைநாட்டு இளைஞர் பலரிடையே பரவிய நூல். கடலும் அலையும் வேறல்ல என்ற வேதாந்த உவமையை நினைவூட்டும் தலைப்பொன்றை இவ்விசைத்தட்டின் ஐந்தாம் பாடல் தாங்கியுள்ளமையும் இப்பின்னணியிலேயே விளங்கிக் கொள்ளப்படல் வேண்டும்.

'மாயையின் திரை' எனும் தொடரின் வரலாறு இன்னும் சுவையானது. இத்தொடரை மேலைநாட்டில் பரப்பியவர் ஜேர்மனிய மெய்யியலாளர் ஷோப்பனோவர். 1818 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து 1819 எனத் தேதியிடப்பட்ட அவரது பெருநூலில் இது மீண்டும் மீண்டும் வருகின்றது. உபநிடதங்களை அவர் அறிந்ததோ, பாரசீக மொழிபெயர்ப்பொன்றிலிருந்து பிரான்சியரான ஆங்கெற்றில் டியுபெரோன் இலத்தீனில் ஆக்கி 1801, 1802 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூலின் வாயிலாகவாகும். வடமொழியிலிருந்து பாரசீகம், அதிலிருந்து இலத்தீன், அங்கிருந்து ஜேர்மன், பின்னர் ஆங்கிலம், இறுதியாக மியாமி இளைஞரின் கிற்றார் என ஒரு சொல் பயணம் செய்திருக்கின்றது. வழியில் அது இழந்தவையும் உண்டு. 'மாயை' என்றால் பொய்த் தோற்றம், விலக்கப்படவேண்டிய திரை என்பதே மேலைநாட்டார் ஏற்ற பொருள். இது ஏகான்ம வாதத்துக்கு ஓரளவு நெருங்கியது. சைவசித்தாந்தத்துக்கோ உடன்பாடானது அன்று. சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகுக்கு முதற்காரணம், உயிருக்கு உடலையும் கருவிகளையும் தந்து, ஆணவ இருளிற் கிடக்கும் அதற்குச் சிறிது ஒளி காட்டுவது. பொழுது விடியும்வரை உதவும் விளக்காக அதனை உமாபதி சிவாசாரியார் பதினான்காம் நூற்றாண்டில் திருவருட்பயனிலே உவமித்தார். திரை மறைக்கும், விளக்கோ காட்டும். இவ்விரு உவமைகளுக்குமிடையே உள்ள தூரம் சிறிதன்று. யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைகளில் பயின்ற ஒருவர் சினிக் குழுவினரின் முதற் பாடலைக் கேட்பின், மறுப்புரையொன்றை எழுதவே விரும்புவார். ஒன்று மட்டும் கூறலாம்: அவ்விளைஞர்கள் மாயையைப் பழித்துப் பாடினாராயினும், மாயையின் காரியங்களாகிய ஓசை, தாளம், கருவி என்பவற்றை அவர்கள் கையாண்ட அன்பு, அதனைப் பொய்யென்று கொண்டவரின் செயலாகத் தெரியவில்லை.

தாளமே இவ்விசைத்தட்டின் உண்மையான சாதனை. வழமையான றொக் இசை நான்கு எண்ணிக்கையில் நடப்பது. சினிக் குழுவினரோ ஐந்து, ஏழு என்ற எண்ணிக்கைகளை இடையிடையே புகுத்தி, ஒரு கருவி ஒரு கணக்கிற் செல்ல மற்றொன்று வேறு கணக்கிற் சென்று ஓரிடத்திற் சந்திக்குமாறு அமைத்தனர். மேலைநாட்டு இதழ்கள் இதனைக் கணிதச் சிக்கல் என்று வியந்தன. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என ஐந்து நடைகளையும் பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்கும் ஒரு சமூகத்துக்கு இது அத்துணை வியப்பைத் தராது. வடமராட்சிக் கோயில்களில் திருவிழாவின்போது தவிற்காரர் நிகழ்த்தும் தனியில், நடை மாறி மாறிச் சென்று சமத்தில் வந்து விழும்போது கூட்டத்தினர் தலையசைப்பது கணக்கை அறிந்தே. ஆகவே, கல்லூரி மாணவரொருவர் றைனேட்டின் முரசைக் கேட்டு இரைச்சல் என்று ஒதுக்குவாராயின், அவர் தமது பாட்டனாரின் செவியை இழந்துவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

இவ்வொப்புமை தற்செயலானது மட்டுமன்று. இடையே ஒரு கால்வாயும் உண்டு. மஸ்விடாலும் றைனேட்டும் கற்றுக்கொண்ட முன்னோருள் ஜோன் மக்லாப்லினின் மகாவிஷ்ணு இசைக்குழுவினர் முக்கியமானவர். மின்கிற்றாரையும் இந்தியத் தாள உணர்வையும் ஜாஸ் இசையையும் இணைத்து 1971 முதல் இசைத்தட்டுக்களை வெளியிட்ட குழு அது. அதே மக்லாப்லின் பின்னர் 'சக்தி' எனும் குழுவை அமைத்தார். அதில் வயலின் வாசித்தவர் எல். சங்கர், கடம், விக்கு விநாயக்ராம், தபேலா, சாகிர் உசேன். சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கரும் அவர் தமையனார் எல். சுப்பிரமணியமும் இளமையைக் கழித்ததும் இங்கேதான். 1958 ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் தமிழ்நாட்டுக்குப் பெயர்ந்தது. அவ்வன்செயல் நிகழாதிருந்திருப்பின் அச்சகோதரர் யாழ்ப்பாணக் கலைஞராகவே வளர்ந்திருப்பரோ என்ற கேள்வி எழுகின்றது; வரலாறு அதற்கு விடை கூறுவதில்லை. தமிழ்நாட்டில் இளையராஜா 1986 இல் வெளியிட்ட 'ஹவ் ரு நேம் இற்' எனும் இசைத்தட்டும், தியாகராஜரையும் பாக்கையும் ஒருங்கே வணங்கி எழுந்த கலப்பு முயற்சியே. எனவே கலப்பிசை எனும் எண்ணம் தமிழ்ச் செவிக்குப் புறம்பானதன்று.

ஃபோக்கஸ் வெளிவந்த நாளில் அதனைக் கேட்கும் நிலை உடுப்பிட்டிக்கு இருந்ததா? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையின் பட்டியலில் உலர் மின்கலங்களும் இடம்பெற்றன. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது. மாணவர் குப்பி விளக்கிற் படித்தனர். செய்தியோ பாட்டோ கேட்க விரும்புவோர் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, 'டைனமோ'விலிருந்து வரும் மின்னோட்டத்தை வானொலிக்கும் ஒலிநாடாக் கருவிக்கும் கொடுத்தனர். சுழற்றும் கை சோர்ந்தால் பாட்டின் சுருதியும் சோரும். அவ்வண்டிச் சக்கரத்தில் ஒலித்தவை இயக்கப் பாடல்களும், 1992 இல் வெளிவந்த 'றோஜா' போன்ற படங்களின் பாடல்களுமே. குடாநாட்டை விட்டு வெளியேறுவோர் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தனர். உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 1993 செப்ரெம்பர் இறுதியில் அக்கிளாலிக் கரையை நோக்கியே பெரும் இராணுவ நடவடிக்கையொன்று நிகழ்ந்தது. மரணத்தைப் பெயரிற் கொண்ட இசை புளோரிடாவில் ஒலித்த நாளில், மரணம் இங்கு பெயராக இருக்கவில்லை. டெத் மெற்றலின் குருதிக் கற்பனைகளை இங்குள்ளோர் விளையாட்டென்று கொள்ள முடியாமற் போயிருப்பின் அதனைக் குறுகிய நோக்கு என்று எவரும் கூறவியலாது. இதே காரணத்தாலேயே, அக்கற்பனைகளைக் கைவிட்டு அமைதியைத் தேடிய ஃபோக்கஸ் அவ்வகையுள் இவ்வூருக்கு மிக அண்மையது என்றும் வாதிடலாம்.

புளோரிடாவிலும் அதற்கு வரவேற்புக் கிடைத்துவிடவில்லை. விமரிசகர் சிலர் போற்றினர். இரசிகர் பெரும்பாலும் குழம்பினர். 1994 இல் 'கனிபல் கோர்ப்ஸ்' குழுவினரோடு ஐக்கிய அமெரிக்காவில் சுற்றுலா சென்றபோது, பிணங்களைப் பற்றிய பாடல்களைக் கேட்க வந்த கூட்டம் மாயையின் திரை பற்றிப் பாடியவர்களைப் பகையுணர்வோடு எதிர்கொண்டது. அதே ஆண்டில் குழு கலைந்தது. ஒரே ஓர் இசைத்தட்டு. அத்தோடு முடிந்தது எனவே எவரும் கருதினர். மஸ்விடால் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இசையமைத்து வாழ்ந்தார். மலோன் பல்கலைக்கழகம் சென்று இசைக் கோட்பாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பாஸ் கிற்றார் மேதை ஜாக்கோ பஸ்ரோறியசின் வாசிப்புக்களைச் சுரப்படுத்தி அவர் வெளியிட்ட நூல் மாணவரிடையே பயன்படுவது. மேடையை விட்டு வகுப்பறைக்குச் சென்ற இசைஞர் என்ற வகையில் இந்நூலைப் படிப்போர்க்கு அவர் மேல் தனி மதிப்பு எழக்கூடும்.

கலைந்த குழுவின் செல்வாக்கோ கலையவில்லை. றைனேட்டும் மலோனும் பங்குகொண்ட மற்றொரு குழு 2000 ஆம் ஆண்டளவில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அக்குழுவின் பெயர் 'அகோரா'. சதாசிவ மூர்த்தியின் ஐந்து முகங்களுள் ஒன்றான அகோரத்தை அமெரிக்க இசைக்குழுவொன்றின் பெயராகக் காண்பது சைவருக்கு விந்தையான அனுபவமே. 2004 இல் சிக்காகோ நகரில் தோன்றிய குழுவொன்று சினிக்கின் முதற் பாடலின் தலைப்பையே தன் பெயராக வைத்துக்கொண்டது. ஜேர்மனியின் 'ஒப்ஸ்கியூரா' குழுவினர் 2009 இல் வெளியிட்ட 'கொஸ்மோஜெனெசிஸ்' இசைத்தட்டில் வொக்கோடர்க் குரலும் கட்டையில்லாத பாஸ் கிற்றாரும் மீண்டும் கேட்டன. அதில் பாஸ் வாசித்த ஜெரோன் தெஸ்லிங், சினிக்கின் சமகாலத்தவரான பெஸ்ரிலன்ஸ் குழுவின் 1993 ஆம் ஆண்டு ஆக்கத்திலும் வாசித்தவர். சுவீடனின் ஓப்பெத் குழுவினர் 2001 இல் வெளியிட்ட 'பிளாக்வோட்டர் பார்க்' மூலம் இவ்விசைக்கிளை பெருந்திரளான இரசிகரைச் சென்றடைந்தது. ஓப்பெத்தின் வழி வேறு. அது நாட்டார் இசைச் சாயலும் நெடிய பாடல்களும் கொண்டது. ஆயினும் உறுமலும் மென்குரலும் ஒரே பாடலில் வாழலாம் என்ற உரிமை அதற்கு முன்னரே வென்றெடுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமையைப் பெற்றுத் தந்தோருள் சினிக் குழுவினர் முன்னணியில் நின்றனர். 2006 இல் சினிக் மீண்டும் ஒன்றுகூடி, 2008 இல் இரண்டாம் இசைத்தட்டை வெளியிட்டபோது, ஐரோப்பாவில் அதனைத் தம்மோடு மேடையேற்றியவர்கள் ஓப்பெத் குழுவினரே; மறு ஆண்டில் அமெரிக்காவில் அதே உதவியை மெஷுகா குழுவினர் செய்தனர். 1994 இல் எதிர்த்த கூட்டத்தின் இளைய தலைமுறை இப்போது ஒவ்வொரு அசைவையும் மனனம் செய்து வந்திருந்தது.

தமிழர் பெயர்களும் இவ்வரலாற்றின் ஓரத்தில் உள்ளன. சிங்கப்பூரில் 1992 இல் தொடங்கப்பட்ட 'ருத்ரா' குழுவினர், கதிரேசன் முதலான இந்திய வம்சாவளியினரைக் கொண்டு டெத் மெற்றலை வளர்த்தவர்கள். அவர்களின் முதல் இசைத்தட்டு 1998 இல் வெளிவந்தது. பின்னர் 2005, 2009, 2011 ஆம் ஆண்டுகளில் 'பிரமவித்தியா' என்ற பொதுத் தலைப்பில் மூன்று இசைத்தட்டுக்கள் வந்தன. வடமொழிச் சுலோகங்களை உறுமற் குரலோடு இணைத்த இவர்களின் முறை 'வேத மெற்றல்' எனப் பெயர் பெற்றது. மியாமி இளைஞர் இந்திய மெய்யியலை யோகானந்தரின் ஆங்கில நூல்களில் தேடிப்பெற்றனர். சிங்கப்பூரினருக்கு அது வீட்டுப் பூசையறையிலும் வேதாந்த வகுப்பிலும் கிடைத்தது. இதன் விளைவாக ருத்ராவின் பாடல்களில் தத்துவச் சொற்கள் செம்மையாகக் கையாளப்படுகின்றன. ஆனால் இசையில் சினிக் காட்டிய துணிவு அவற்றிற் குறைவு. தமிழில், தமிழ்த் தாளங்களின் கணக்கையும் சித்தாந்த நோக்கையும் ஏற்ற ஒரு முன்னேற்ற மெற்றல் ஆக்கம் பெரிதாக அறியப்படவில்லை. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் தேடிச் சென்றோரையும், 1983 க்குப் பின் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் அகதிகளாய்ப் பெயர்ந்தோரையும் கொண்ட யாழ்ப்பாணச் சமூகத்துக்கு இத்தகைய முயற்சிக்கு வேண்டிய செவியும் கருவியும் ஒருங்கே உண்டு. தவிற் கணக்கை அறிந்த பாட்டனாரும் மின்கிற்றார் பயிலும் பேரனும் ஒரே வீட்டில் வாழும் குடும்பங்கள் இன்று பல.

மஸ்விடாலும் றைனேட்டும் 2014 இல் தாம் தன்பாலீர்ப்பாளர் என வெளிப்படையாக அறிவித்தனர். ஆண்மை மிடுக்கையே அடையாளமாகக் கொண்ட ஓர் இசையுலகில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதனை உள்ளே அடக்கி வைத்திருந்தனர் என்பது அப்போதே பலருக்கும் தெரியவந்தது. ஃபோக்கஸில் மஸ்விடாலின் குரல் ஏன் நேரே வரவில்லை, ஏன் அது ஓர் இயந்திரத்தின் பின்னிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை உண்டெனச் சொல்வோர் சொல்லலாம். கலைஞனின் வாழ்வைக் கொண்டு கலையை விளக்குவதில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் 'திரை' என்ற சொல் அதன்பின் பழைய சொல்லாக ஒலிக்கவில்லை.

2020 ஜனவரி 24 இல் றைனேட் காலமானார், வயது 48. அதே ஆண்டு டிசெம்பரில் மலோனும் மறைந்தார். ஷுல்டினர் 2001 டிசெம்பரிலேயே மூளைப் புற்றுநோயினால் இறந்திருந்தார். எஞ்சிய மஸ்விடால் 2021 இல் வேறு கலைஞரைக் கொண்டு சினிக்கின் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் பாஸ் கிற்றார் இல்லை. அவ்விடத்தை விசைப்பலகையின் தாழ்சுரங்கள் நிரப்பின. மலோனின் இடத்துக்கு மற்றொருவரை அமர்த்தாமல் விட்டது வேண்டுமென்றே செய்யப்பட்டதாகும். 2023 இல், முப்பதாண்டு நிறைவில், ஃபோக்கஸின் பழைய ஒலிப்பதிவுகள் மீண்டும் எடுக்கப்பட்டுப் புதிதாகக் கலவை செய்து வெளியிடப்பட்டன. இருபத்திரண்டு வயது றைனேட்டின் முரசும், அதன் கீழே வழுக்கிச் செல்லும் மலோனின் பாஸ் கிற்றாரும் அதில் தனித்தனியே பிரித்துணருமாறு ஒலிக்கின்றன.